முழங்கால் மட்டுக் கடல்

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே தலைமன்னார்க் கரையிலிருந்து ஒரு சிறுமி கடலில் இறங்கினாள். பெயர் ஜியா ராய். வயது பதின்மூன்று. மும்பையில் வளர்ந்த, ஆட்டிசம் உள்ள பிள்ளை. தந்தை இந்தியக் கடற்படைக்காரர். 13 மணி 10 நிமிடத்தில் தனுஷ்கோடியில் கரையேறினாள். பெண்களில் அவ்வளவு விரைவாக அந்தத் தடத்தை அதுவரை ஒருவரும் நீந்திக் கடந்ததில்லை. பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டிய விஷயம்தான்.

இரண்டு நாள் கழித்து அதே கடலிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அரிச்சல்முனைக்கு அப்பால் நான்காம் மணல்திட்டில் ஆறு பேர் தவித்துக்கொண்டு நிற்பதாகத் தகவல் கிடைக்க, இந்தியக் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராப்ட் போய் ஏற்றி வந்தது. மூன்று பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். பிள்ளைகளில் ஒன்று நான்கு மாதக் கைக்குழந்தை. மன்னார்க் கரையில் இரவோடிரவாகப் படகேறியவர்கள். படகுக்காரர் காசை வாங்கிக்கொண்டு திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். அன்றிரவே இன்னும் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு வாரத்துக்கு வாரம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அந்த நாட்களில் இலங்கையில் 400 கிராம் பால்மா 790 ரூபாய். அதுவும் கடையில் இருந்தால். மண்ணெண்ணெய்க்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லையென்றால் சின்ன எஞ்சின் படகு கடலுக்குப் போகாது. படகு போகாத வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை மன்னார்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துணிந்தவனுக்குச் சமுத்திரமும் முழங்கால் மட்டு என்று ஒரு பழமொழி உண்டு. பரிசளிப்பு விழாக்களில் பிரதம விருந்தினர் தவறாமல் எடுத்துவிடுவார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சில இடங்களில் சமுத்திரம் மெய்யாகவே முழங்கால் மட்டுத்தான், துணியாதவனுக்கும் சேர்த்து. ஆபத்து முழுக்க அந்த முழங்கால் மட்டில்தான் இருக்கிறது. மணல் தீடைகளுக்கு நடுவே நீரோட்டம் இழுக்கும். படகின் அடி தட்டும். பெரிய ரோந்துக் கப்பல் கிட்ட வர முடியாது. அதனால்தான் ஹோவர்கிராப்ட் தேவைப்பட்டது. தீடையில் இறக்கிவிடப்பட்டவருக்கு ஒதுங்க நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது, சுற்றிலும் நடந்து போய்விடலாம் போலத் தோன்றும் கடல். சில அடி நடந்தால் தெரியும், நடக்க முடியாதென்று.

ஒரே வாரத்தில், ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளமுள்ள ஒரே தடத்தில், இரண்டு துணிச்சல்கள். ஒன்றுக்கு மாலை, மற்றதற்குக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு, பிறகு மண்டபம் அகதி முகாம். இதில் யாருடையது பெரிய துணிச்சல் என்று தராசு பிடிப்பதில் அர்த்தமில்லை. ‘ரிஸ்க் எடுக்காதவன் முன்னேற மாட்டான்’ என்று இன்று திரும்பிய பக்கமெல்லாம் உபதேசம் கேட்கிறது. புத்தகக் கடைகளில் அதற்கென்றே ஓர் அலுமாரி ஒதுக்கியிருக்கிறார்கள். மன்னார்க் கரையின் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த உபதேசத்தில் விடுபட்ட இரண்டு கேள்விகள் தெரியும். காரியம் பிழைத்துப் போனால் நட்டம் யார் தலையில்? பாதி வழியில் திரும்பி வர இடமிருந்ததா?

மரிச்சுக்கட்டிச் சூதாட்டம்

மன்னார் நகரிலிருந்து பெருநிலத்துக்கு வந்து தெற்கே திரும்பினால் அரிப்பு, சிலாவத்துறை, அதற்கும் அப்பால் மரிச்சுக்கட்டி. அரிப்பில் பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டிய மாளிகை இடிந்து நிற்கிறது. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அல்லிராணிக் கோட்டை என்றால்தான் வழி சொல்வார்கள். நோர்த் துரையை யாருக்குத் தெரியும்?

முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கும் ஆண்டில் மரிச்சுக்கட்டியில் ஒரு நகரமே முளைக்கும். மற்ற நாளில் மணலும் பற்றைக்காடும். பங்குனி, சித்திரையில் கம்பும் ஓலையும் கொண்டு தெருத்தெருவாகக் கொட்டகைகள், சந்தை, நீதிமன்றம், மருத்துவமனை, மறியற்கூடம். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். பம்பாய் வரையிருந்து வியாபாரிகள் வந்தார்கள். பல்லாயிரம் பேர் கூடிய அந்தக் கூட்டத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளைக்கார அதிகாரிகள் நிர்வகித்தார்கள். 1906இல் அவர்களில் ஒருவர் இருபத்தைந்து வயது லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் எடுத்தவர்.

வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். தோணிகள் விடியுமுன் தரைக்காற்றில் சிப்பி கிடக்கும் பாருக்குப் போகும். குளியாள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை மாட்டிக்கொண்டு இறங்குவான். தமிழ்க் குளியாள் மூக்கை விரலால் பொத்திக்கொள்வான்; அரபிக்குக் கொம்பில் செய்த கவ்வி. ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். அடியில் ஒரு நிமிடம், சிலருக்கு அதற்குச் சற்று மேல். கைக்கு எட்டிய சிப்பியை வலைக்கூடையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவன் தூக்குவான். மதியம் வெடி கேட்டதும் குளிப்பு நிற்கும். கடற்காற்றில் பாய் விரித்துக் கரை திரும்புவார்கள்.

கரையில் சிப்பியை மூன்று குவியலாக்க வேண்டும். பிரிப்பது குளியாள், எந்த இரண்டு அரசுக்கு என்று சொல்வது அரசின் ஆள். ஏமாற்ற வழியில்லாத ஏற்பாடு, மெச்சத்தான் வேண்டும். மாலையில் அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக் கணக்கில் ஏலத்துக்கு வரும். கூடி நிற்கும் வியாபாரி சிப்பியைத் திறந்து பார்க்க முடியாது. அன்று மதியம் பத்திருபது சிப்பியைக் கள்ளமாகத் திறந்தவன் சொன்ன கதை, போன வருடத்து நினைவு, பக்கத்தில் நிற்கும் செட்டியாரின் முகக்குறி, இவைதான் கணக்கு. வாங்கிய சிப்பியை வேலியடைப்புக்குள் குவித்து அழுகவிடுவார்கள். ஒரு வாரத்துக்கும் மேலாக ஈயும் புழுவும் தின்று தீர்க்கும். நாற்றம் மைல் கணக்கில் வீசும். பிறகு கடல்நீர் விட்டுக் கழுவி, அடியில் தங்கிய கசட்டைத் துணியில் கொட்டி விரலால் துழாவ வேண்டும். கை நிறைய வந்தவரும் உண்டு. ஊரை விற்று வாங்கிய சிப்பியில் கடுகு முத்துத் தவிர ஒன்றும் காணாதவரும் உண்டு. குளியாள் தன் பங்கில் ஒரு கை சிப்பியைக் கரையிலேயே விற்றுவிடுவான். தேநீர்க் காசுள்ளவனும் ஒரு டசின் வாங்கி அதிர்ஷ்டம் பார்க்கலாம்.

1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுத்தார்கள். அரசுக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம். உள்ளே முத்து இருந்ததா இல்லையா என்பது அரசுக்கு ஒரு பொருட்டே இல்லை; சூதாட்டத்தை ஏலத்திலேயே கைமாற்றிவிட்டது. முத்துக்குளிப்பே இல்லாமல் 1892 முதல் 1902 வரை பார் வெறுமையாகக் கிடந்த காலம் மட்டும் அதிகாரிகளின் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். 1906இல் பார்களை லண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 வருடக் குத்தகைக்கு விட்டார்கள், ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். அப்போது அது துணிகர முதலீடு என்று பேசப்பட்டிருக்கும். 1907இல் ஒரு குளிப்பு. அதோடு சிப்பி ஓய்ந்தது. 1912க்குள் கம்பனி கையை விரித்துவிட்டது. கடைசி முத்துக்குளிப்பு 1925. அதற்குள் ஜப்பானில் மிக்கிமோட்டோ முத்தை வளர்க்கவே தொடங்கியிருந்தார்.

கம்பனிப் பங்குதாரருக்குப் போட்ட காசு போயிற்று. அதற்கு மேல் ஒரு சதமும் போகாதபடி ‘வரையறுக்கப்பட்ட பொறுப்பு’ என்ற சட்டம் பார்த்துக்கொண்டது. குளியாளின் பொறுப்புக்கு அப்படி வரையறை ஏதும் இருக்கவில்லை. செவிப்பறை போகும், மூக்கிலும் காதிலும் இரத்தம் வரும், கொலரா வந்து சலாபமே கலைந்த ஆண்டுகளும் உண்டு. அவனுக்கிருந்த ஒரே காப்புறுதி கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். கடல்கட்டி வராமல் குளியாள் இறங்க மாட்டான் என்பதால் மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. பணக்காரச் சகோதரர்களின் செல்வத்துக்காக இலங்கைக் குளியாள் மூச்சடக்குவதை ஜோன் கீட்ஸ் ‘இசபெல்லா’ கவிதையில் வைத்தார். 1820இல் வெளிவந்தது. மன்னாரைப் பார்க்காத இருபத்துச் சொச்சம் வயது லண்டன்காரனுக்குத் தெரிந்த கணக்கு, இங்கே வரி வாங்கியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

படகைத் தொடாதவர்

துணிச்சல் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஒரு வல்வெட்டித்துறைக்காரர். ஆழிக்குமரன் என்று ஊர் பட்டம் கொடுத்த வி. எஸ். குமார் ஆனந்தன். சட்டத்தரணி. 1971இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணித்தியாலம். இரண்டு இரவு, இரண்டு பகல், அதற்கு மேலும் கொஞ்சம்.

அவருக்கு முன்னும் கடந்தவர்கள் உண்டு. 1954இல் மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு 27 மணித்தியாலத்தில் நீந்தினார். பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் அவர்தான். 1966இல் மிஹிர் சென். பின்னாளில், 1994இல், தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் தலைமன்னாரிலிருந்து போய்ச் சேர்ந்தார். போகவும் வரவும் நீந்துவது வேறு ரகம். ஆனந்தனுக்குப் பிறகு அதை இன்னொருவர் செய்து முடிக்க ஐம்பது ஆண்டு பிடித்தது: 2021 ஏப்ரலில் ரொஷான் அபேசுந்தர, 28 மணி 19 நிமிடம்.

இந்த நீச்சலில் ஆழத்தைவிட நீரோட்டம்தான் எதிரி. பாக்கு விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் தீடைகளின் இடைவெளிகளில் ஒன்றுக்குள் ஒன்று பாயும். காற்றுக்குக் காற்று திசை மாறும். நீந்துபவர் முன்னேறுவதாக நினைத்துக் கை வீசுவார், கடல் பக்கவாட்டில் கொண்டுபோய்க்கொண்டிருக்கும். அதனால் காற்று ஓய்ந்த மார்ச், ஏப்ரல் மாதங்களாகப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். கூடவே படகு வரும். படகிலிருந்து சாப்பாடு நீட்டலாம், வழி சொல்லலாம். நீந்துபவர் படகைத் தொடக் கூடாது. தொட்டால் சாதனை கலைந்துவிடும். தொட்டால் உயிர் தப்பிவிடும் என்பதும் அதே விதியின் மறுபக்கம்.

ஆனந்தனின் பட்டியல் நீளமானது. ஒற்றைக்காலில் 33 மணித்தியாலம் நின்றிருக்கிறார். 1981இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலம் கரையைத் தொடாமல் மிதந்திருக்கிறார். ஒற்றைக்காலில் நிற்பது எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு. கின்னஸ் புத்தகத்தில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளத் தீர்மானித்த ஒருவரின் பிடிவாதம் என்பதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்துபோனார். வயது நாற்பத்தொன்று. முடிவும் அவருடையது, கொடுத்த விலையும் அவருடையது. அவர் வீட்டாரின் இழப்பை நான் சிறிதாக்கவில்லை. ஆனாலும் அவர் ஒருவரையும் தோளில் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கவில்லை.

இரண்டு திசையில் போன படகுகள்

1990இல் மன்னார்த் தீவிலிருந்து படகுகள் இரண்டு திசையில் போயின. இதை ஒன்றாக வைத்துப் பேசும் வழக்கம் நம்மிடம் குறைவு. அதனாலேயே பேச வேண்டியிருக்கிறது.

ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. பேசாலை, தலைமன்னார் கரைகளிலும் எதிர்க்கரையான விடத்தல்தீவுப் பக்கத்திலும் தமிழர்கள் இராமேஸ்வரத்துக்குப் படகேறினார்கள். 1989 ஆகஸ்டுக்கும் 1991 ஏப்ரலுக்கும் இடையில் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். போகாதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது: அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்கள். மூன்றாவது வழி, வீட்டிலேயே இருப்பது.

கடலைத் தெரிந்தவன் துணிந்து போனான், தெரியாதவன் பயந்து நின்றான் என்று எண்ணத் தோன்றும். தலைகீழாகவும் நடந்தது. மீன்பிடிக் குடும்பத்துக்குத் தீடை தெரியும், இரவுக் கடல் தெரியும், அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு எப்போது புரளும் என்றும் தெரியும். தெரிந்ததாலேயே தயங்கியவர்கள் உண்டு. ஓட்டிக்குக் காசு கொடுத்து, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலுக்குப் போனவர்களும் அந்தப் படகுகளில் இருந்தார்கள். ஓட்டியின் கணக்கு வேறு. இந்தியக் கரையைத் தொட்டால் படகு பறிபோகும். ஆகவே தீடையோடு அவன் கடமை முடிந்தது. அவன் அபாயத்தின் எல்லை அந்த மணல்வரைக்கும்தான். ஏறியவர்களுக்கு அங்கிருந்துதான் தொடக்கம்.

அந்த ஒக்டோபர் கடைசியில் மற்றத் திசை. வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேரத் தவணை. மன்னாரில் அதற்குச் சில நாள் முன்பே அறிவிப்பு வந்துவிட்டது. மன்னாரில் தமிழ் மக்களும் குருமாரும் வேண்டாமென்று புலிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்தும் மற்றக் கரைகளிலிருந்தும் படகுகள் தெற்கே கற்பிட்டிக்குப் போயின. வடக்கு முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். ஏறத்தாழப் பாதிப்பேர் மன்னார் மாவட்டத்தவர்கள்.

இதைத் துணிச்சல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முடிவு எடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் துணிச்சலைப் பற்றிப் பேசுவது, விரட்டியவனுக்கு வசதி செய்து கொடுப்பதாகிவிடும். துணிச்சல் என்று சொல்லத்தக்கது இருபது ஆண்டுக்குப் பிறகு வந்தது. அதுதான் திரும்பி வருவது.

2009இல் போர் முடிந்த பின், விரட்டப்பட்டவர்கள் தங்கியிருந்த புத்தளத்திலிருந்து சில குடும்பங்கள் முசலிக்கும் மரிச்சுக்கட்டிக்கும் திரும்பின. முத்து ஏலம் நடந்த அதே மரிச்சுக்கட்டிதான். வீடு இருந்த இடத்தில் காடு. கிணறு தூர்ந்திருந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மன்னார் என்பது வாப்பா சொல்லும் கதை. புத்தளத்திலேயே பள்ளிக்கூடம், கடை, கூலிவேலை எல்லாம் ஒருவாறு அமைந்துவிட்ட நிலையில், இரண்டாவது முறையாக ஒரு வாழ்க்கையைக் கலைத்துக்கொண்டு காட்டை வெட்டி உட்கார வேண்டும். பலர் வரவில்லை. சிலர் ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்துக்கொண்டார்கள். அது புத்தி. வந்தவர்களுக்குக் காத்திருந்தது, அவர்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த காட்டை வனமாக்கும் வர்த்தமானி. 2012இல் ஒன்று. 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவுக்குப் போயிருந்தபோது, மாவில்லு வனப் பாதுகாப்பு அறிவித்தலில் மொஸ்கோவில் வைத்துக் கையெழுத்திட்டார். வில்பத்துக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஊரை விட்டு ஓடச் செய்யப்பட்டவன் இல்லாதபோது முளைத்த மரத்தை அவனுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவதில்தான் வேறுபாடு.

இந்தக் கரைக்கு இன்னொரு கூட்டமும் துணிந்து வந்தது, எதிர்த்திசையில், அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பட்டினியுமாக வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. வழிநெடுக இருந்திருக்க வேண்டிய கல்லறைகளும் இல்லை.

ஓர் எண்ணைச் சொல்வதற்கு

2011 ஜனவரி. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை ஒரு கூட்டல் கழித்தல் கணக்கோடு போனார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது?

முதல் எண் அரச கச்சேரிகள் தந்தது, இரண்டாவது ஐ.நா.வின் கணக்கு. கழித்தல் மட்டும் அவருடையது. அதைச் சபையில் சொல்வதன் விலை அவருக்குத் தெரியாததல்ல. மன்னார் மறைமாவட்டத்தில் குருவாக இருப்பதே அபாயமான காலம் ஒன்று இருந்தது: 1985 ஜனவரி 6ஆம் திகதி வங்காலையில் மேரி பஸ்தியன் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார்; 2007 செப்டெம்பரில் நிவாரணப் பொருளோடு போன பாக்கியரஞ்சித் அடிகளார் கிளைமோரில் இறந்தார். 2006 ஜூனில் பேசாலையில் ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீதே கைக்குண்டு விழுந்தது. 2012 மே மாதம் அந்த எண்ணைப் பற்றிக் குற்றப் புலனாய்வுப் பிரிவினர் ஆயரிடம் வந்து விசாரித்தார்கள். எண்ணை அவர் திரும்பப் பெறவில்லை. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். கேட்ட கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை.

ஆயர் பதவி அவருக்கு ஓரளவு கவசம் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். கவசம் உள்ளவர்கள் பலர் அந்த ஆண்டுகளில் வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை.

காற்று யாருக்கு

இன்று மன்னாரில் துணிகர முதலீடு என்றால் காற்றாலை. தீவின் தென்கரையோரமாக இலங்கை மின்சார சபையின் ‘தம்பபவனி’, 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அடுத்து இந்தியாவின் அதானி குழுமம் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட்டுக்கு, 44.2 கோடி டொலர் திட்டத்தோடு வந்தது. ஓர் அலகு 8.26 அமெரிக்கச் சதம், 20 வருடத்துக்கு. புதிய அரசு விலையை மறுபடி பேசப் போவதாகச் சொன்னதும் 2025 பெப்ரவரியில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி விலகிக்கொண்டது. ஆரம்ப வேலைகளுக்குச் செலவான சில மில்லியன் டொலரோடு அதன் நட்டம் முடிந்தது. லண்டன் முத்துக் கம்பனிக்குக் கை விரிக்க ஆறு ஆண்டு தேவைப்பட்டது. இதற்கு அதிலும் குறைவு.

வேறு கம்பனிகளோடு வேலை தொடர்ந்தது. 2025 ஆகஸ்டில் காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் வருவதை மறித்து மக்கள் இரவு பகலாக நின்றார்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார். மாதம் கழிந்தது. செப்டெம்பர் 26 இரவு பொலிஸார் கூட்டத்தின் மீது கை வைத்தார்கள். பெண்களும் குருமாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பிறகு மன்னார் கடையடைத்தது.

காற்றாலை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2022இல் பன்னிரண்டு பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டில் இருந்த நாடு நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் டொலர் தேடி அலைந்ததை நாமெல்லாம் பார்த்தோம். மன்னார்க் காற்று நாட்டின் மிகச் சிறந்த காற்று என்பதிலும் சந்தேகமில்லை. தீவின் நிலம் கடல் மட்டத்துக்கு மேலே அதிகம் எழும்பாத மணல். மாரியில் விழும் மழைத் தண்ணீர் ஓடிப் போக வடிகால்கள் வேண்டும். அடித்தளமும் பாதையும் அந்த ஓட்டத்தை மறித்துவிட்டன, தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்பது தென்கரைக் கிராமங்களின் முறைப்பாடு. மீன்பாடு மாறிவிட்டது என்கிறார்கள் கரைவலைக்காரர்கள். மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வரும் பறவைகள் இறங்கும் வங்காலைச் சரணாலயம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதே தீவின் மணலில் இல்மனைட் அகழ ஓர் அவுஸ்திரேலியக் கம்பனி பல ஆண்டாக ஆய்வு நடத்தி வருவதும் சேர்ந்து, ஒன்றைச் சமாளித்தாலும் மற்றது வரும் என்ற பயம் ஊரில் உண்டு.

முதலீட்டாளர் தன் அபாயத்தை ஒப்பந்தத்தில் வரி வரியாக எழுதிக்கொள்கிறார். காற்று குறைந்தால் என்ன, ரூபாய் விழுந்தால் என்ன, அரசு மாறினால் என்ன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகம் உண்டு. கடைசிப் பக்கத்தில் விலகும் வழியும் உண்டு. தாழ்வுபாட்டிலோ பேசாலையிலோ முற்றத்தில் தண்ணீர் நிற்கும் வீட்டுக்காரருக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. முப்பது கோபுரம் எழும்பிய பிறகு தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு மாரி முழுக்க அளந்து, அந்த அறிக்கையைத் தமிழில் ஊர்ச்சபைகளில் வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த கோபுரத்துக்கு அனுமதி கேட்டால் மறியல் இவ்வளவு நாள் நீண்டிருக்குமா என்பது சந்தேகம். கையெழுத்தான பிறகு வந்து விளங்கப்படுத்துவதைக் கலந்தாலோசனை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள்.